ஈமெயில் பிளாட்ஃபார்ம் மாத்துன பிறகு வர்ற கோளாறுங்க: என்ன தெரியுதோ அதை வெச்சு தேடுங்க

சென்னிமலைப் பக்கம் போர்வை, துண்டு, ஜமுக்காளம் எல்லாம் ஆன்லைன்ல விக்கற ஒரு கடைக்கு ஈமெயில் பிளாட்ஃபார்ம், அதாவது கஸ்டமருக்கெல்லாம் மொத்தமா மெயில் அனுப்பற சர்வீஸ், மாத்திக் குடுத்தேன். மாத்தறதுக்கு ஒரு நாள் ஆச்சு, மாத்துனதால வந்ததை சரி பண்ண ஒன்றரை மாசம் ஆச்சு. அப்புறம் இன்னும் நாலஞ்சு கடைக்கு பண்ணியாச்சு, எல்லா எடத்துலயும் அதே கோளாறுங்கதான் வேற வேற ஆள் வாயில இருந்து வருது, அதனால ஆளுங்க எப்படி வந்து சொல்வாங்களோ அதையே தலைப்பா போட்டு எழுதறேன், உங்களுக்கு எது நடக்குதோ நேரா அங்க போயிக்கலாம்.

நான் பாத்தது அதிகமும் ஷாப்பிஃபைங்கற ஆன்லைன் கடை சாஃப்ட்வேர்ல நடக்கற கடைங்க, ஈமெயில் பிளாட்ஃபார்மை மெயில்சிம்ப்ல இருந்து கிளேவியோ, இல்லன்னா பிரெவோ, ஓம்னிசென்ட் இந்த மாதிரி மாத்துனவங்க. ஷாப்பிஃபையும் மெயில்சிம்ப்பும் 2019 மார்ச்ல முறைச்சுக்கிட்டு பிரிஞ்சப்ப நிறைய கடை அவசரமா கிளேவியோ பக்கம் சாஞ்சது, பின்னால ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க, போன கடைங்க திரும்பல. உங்க கடை வூகாமர்ஸ்ங்கற இன்னொரு கடை சாஃப்ட்வேர்ல இருந்தாலும் கீழ இருக்கறதுல முக்கால்வாசி பொருந்தும்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். கோளாறு எதுவா இருந்தாலும் எல்லாருக்கும் மொத்தமா போற மெயிலை, அதாவது கேம்பைனை, நிறுத்திட்டு தேடுங்க. அனுப்பிக்கிட்டே ரிப்பேர் பாக்கறவங்கதான் ஜிமெயில்ல பேரைக் கெடுத்துக்கறாங்க.

"நான் எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டேன், மறுபடி ஏன் அனுப்பறீங்க?"

இந்த மாதிரி ஒரே ஒரு ரிப்ளை வந்தாலும் மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இதைப் பாருங்க. ரிப்ளை போடற ஒருத்தருக்குப் பின்னாடி ஸ்பேம் பட்டனை அமுக்கிட்டு பேசாம போன இருபது பேர் இருப்பாங்க.

காரணம் எப்பவும் ஒண்ணுதான், லிஸ்ட் வந்துச்சு, வேண்டாம்னு சொன்னவங்க கணக்கு வரல. மெயில்சிம்ப்ல ஆடியன்ஸை, அதாவது மொத்த லிஸ்ட்டை, எக்ஸ்போர்ட் பண்ணா ஒரு ஜிப் ஃபைல் வரும், உள்ள தனித்தனியா சிஎஸ்வி (அட்டவணை மாதிரியான ஃபைல்) இருக்கும்: சப்ஸ்கிரைப் ஆனவங்க, அன்சப்ஸ்கிரைப் பண்ணவங்க, சப்ஸ்கிரைபே பண்ணாம பொருள் மட்டும் வாங்குனவங்க, அப்புறம் 'கிளீன்ட்'னு ஒண்ணு, அது மெயில் போகாம பவுன்ஸ் ஆன அட்ரஸ். நாம என்ன பண்றோம், மொத ஃபைலை மட்டும் எடுத்து ஏத்திட்டு மத்ததை டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே விட்டுடறோம். அது வரைக்கும் கூட தப்பில்ல. அதுக்கப்புறம் புது பிளாட்ஃபார்மை ஷாப்பிஃபையோட கனெக்ட் பண்றோம், அது கடையோட மொத்த கஸ்டமரையும் இழுத்துட்டு வருது. இதுல மூணு வருஷம் முன்னாடி அன்சப்ஸ்கிரைப் பண்ணவரும் இருப்பார், அவர் சொன்னது பழைய பிளாட்ஃபார்ம்கிட்ட மட்டும்தான், அந்த விஷயம் ஷாப்பிஃபைக்கு சரியா எழுதப்படலன்னா அங்க அவர் இன்னமும் 'மார்க்கெட்டிங் ஓகே'ன்னுதான் நிப்பார்.

சரி பண்றதுக்கு, அந்த ஜிப்ல இருக்கற அன்சப்ஸ்கிரைப், கிளீன்ட் ரெண்டு ஃபைலையும் புது எடத்துல சப்ரெஷன் லிஸ்ட்டா, அதாவது யாருக்கு மெயில் போகவே கூடாதோ அந்த லிஸ்ட்டா, ஏத்துங்க. சாதாரண லிஸ்ட்டா ஏத்தி 'அனுப்பாதே'ன்னு பேரு வெக்கறதுல பிரயோஜனமே இல்ல, இப்படிப் பண்ண ஒருத்தரை நான் பாத்திருக்கேன், அவர் அடுத்த கேம்பைன்ல 'எல்லா லிஸ்ட்டும்'னு டிக் பண்ணி அந்த லிஸ்ட்டுக்கும் சேத்தே அனுப்பிட்டார். கிளேவியோவுல சப்ரெஸ் ஆன ப்ரொஃபைலுக்குன்னு தனி எடமே இருக்கு, அங்க ஏத்தணும். இன்னும் லிஸ்ட்டைத் தொடாம இருக்கறவங்களுக்கு, வேண்டாம்னு சொன்னவங்களை மொதல்ல ஏத்துங்க, வேணும்னு சொன்னவங்களை அடுத்து ஏத்துங்க, ஷாப்பிஃபை கனெக்ஷனை அதுக்கும் பிறகு வெச்சுக்கோங்க. இந்த வரிசை மாறினா கோளாறு கன்ஃபார்ம்.

இதுல யாரும் யோசிக்காத ஒண்ணு இருக்கு. நீங்க போன மாசம் பழைய பிளாட்ஃபார்ம்ல இருந்து அனுப்பின மெயில் ஜனங்க இன்பாக்ஸ்ல அப்படியே கெடக்குது, யாரோ ஒருத்தர் இன்னைக்கு அதைத் திறந்து அடியில இருக்கற அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை அமுக்குவார், அது பழைய அக்கவுன்ட்லதான் பதிவாகும், புதுசுக்கு தெரியவே தெரியாது. அதனால மாத்துன பிறகு ரெண்டு மூணு மாசம் வாரம் ஒரு தடவை பழைய அக்கவுன்ட்ல புதுசா யார் வெளிய போனாங்கன்னு எடுத்து இங்க சப்ரெஸ் பண்ணிக்கிட்டே இருக்கணும். அமெரிக்காவுல கஸ்டமர் இருந்தா அங்க கேன்-ஸ்பேம் சட்டப்படி மெயில் அனுப்பி 30 நாள் வரைக்கும் அந்த லிங்க் வேலை செஞ்சே ஆகணும், கோரிக்கை வந்தா 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தியாகணும். இந்தியாவோட 2023 தனிநபர் தரவு சட்டமும், சம்மதம் குடுக்க எவ்வளவு சுலபமோ அதை வாபஸ் வாங்கவும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னுதான் சொல்லுது.

"பழைய கஸ்டமர் எல்லாருக்கும் வெல்கம் மெயில் போயிருச்சு"

இது நானே பண்ண கூத்து. காலைல பத்தரை மணி இருக்கும், லிஸ்ட்டை ஏத்திட்டு டீ குடிக்க கீழ எறங்குனேன், டம்ளரை கையில வாங்கறதுக்குள்ள ஓனர் அண்ணா போன் பண்ணிட்டார். "ஏனுங்க தம்பி, எங்கூட்டுக்காரம்மாவுக்கே 'எங்க கடைக்கு வரவேற்கிறோம், 10 சதம் தள்ளுபடி'ன்னு வந்திருக்குது. கடை ஆரம்பிச்ச நாள்ல இருந்து பில்லு போடறதே அவதானுங்களே."

நடந்தது இதுதான். வெல்கம் ஃப்ளோவை, அதாவது தானா வரிசையா போற வரவேற்பு மெயிலுங்களை, மொத நாளே அழகா செட் பண்ணி லைவ்ல போட்டு வெச்சிருந்தேன், அது 'இந்த லிஸ்ட்ல யாராவது சேந்தா அனுப்பு'ன்னு இருக்கும். நான் சிஎஸ்வியை அதே லிஸ்ட்ல ஏத்துனேன். புது பிளாட்ஃபார்ம் பார்வைக்கு அந்த நிமிஷம் நாலாயிரம் பேர் புதுசா சேந்திருக்காங்க, அது வேலையை அது ஒழுங்கா பாத்துச்சு.

உங்களுக்கும் இது நடந்தா மொத வேலையா ஃப்ளோவை டிராஃப்ட்ல போடுங்க, அதோட விட்டுடாதீங்க, ரெண்டாவது மெயிலும் மூணாவது மெயிலும் ரெண்டு நாள் கழிச்சு போறதுக்கு கியூல நின்னுக்கிட்டு இருக்கும், அது ஒவ்வொண்ணையும் திறந்து நிறுத்தியாச்சான்னு பாருங்க. தள்ளுபடி கோடை உடனே கேன்சல் பண்ணாதீங்க, வாங்க வந்தவங்க செக்அவுட்ல 'கோட் செல்லாது'ன்னு பாத்தா அது இன்னும் கேவலம், ரெண்டு நாள்ல முடியற மாதிரி தேதி போட்டு விட்டுடுங்க. 'மன்னிக்கவும், தவறுதலா வந்துருச்சு'ன்னு நாலாயிரம் பேருக்கும் இன்னொரு மெயில் அனுப்ப கை துறுதுறுன்னு வரும், அனுப்பாதீங்க, மொத தப்பாவது தெரியாம பண்ணது.

பழைய ஆளுங்களை ஏத்தறதுக்குன்னு தனி லிஸ்ட் வெச்சுக்கோங்க, எந்த ஃப்ளோவும் அதைத் தொடக்கூடாது. அதுக்கும் மேல வெல்கம் ஃப்ளோவுல 'இதுவரைக்கும் ஆர்டர் பூஜ்யம்'னு ஒரு ஃபில்டர் போட்டுட்டா நிம்மதியா டீ குடிக்கலாம்.

"எல்லாம் ஸ்பேம்ல போகுது"

ஜிமெயில்ல ப்ரமோஷன்ஸ் டேப்ல வந்தா அது ஸ்பேம் இல்ல, இதை மொதல்ல தெளிவு பண்ணிக்கோங்க, கடை மெயிலுக்கு அதுதான் எடம், 2013ல இருந்தே அப்படித்தான். நிஜமாவே ஸ்பேம் ஃபோல்டர்ல இருந்தா அந்த மெயிலைத் திறந்து, மூணு புள்ளியை அமுக்கி 'ஷோ ஒரிஜினல்' போங்க. மேல சின்ன டேபிள் இருக்கும், எஸ்பிஎஃப் (இந்த சர்வர் அனுப்பலாம்ங்கற அனுமதி), டிகிம் (மெயில்ல போடற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (அதுல ஒண்ணாவது உங்க டொமைனோட, அதாவது கடையோட வெப் அட்ரஸ் பேரோட, பொருந்துதான்னு பாக்கறது) மூணும் பாஸ்னு இருக்கணும். டிகிம் பக்கத்துல எந்த டொமைன் பேரு இருக்குன்னும் பாருங்க, பாதிப்பேர் ஏமாறறது இங்கதான். டிகிம் பாஸ்னு இருக்கும், ஆனா பேரு பிளாட்ஃபார்மோடதா இருக்கும், உங்க கடை டொமைனா இருக்காது. மெயில் 'கடைபேர் டாட் இன்'ல இருந்து வருது, கையெழுத்து போட்டவன் வேற ஆளு, எஸ்பிஎஃப்பும் உங்க பேருக்குப் பொருந்தலன்னா டிமார்க் ஃபெயில். புது பிளாட்ஃபார்ம்ல உங்க டொமைனை வெரிஃபை பண்ணாம அனுப்ப ஆரம்பிச்சா இப்படித்தான் இருக்கும்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரில இருந்து இதைக் கட்டாயம் ஆக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல ஜிமெயில் அட்ரஸுக்கு அனுப்பினா மூணும் வேணும், ஒரே கிளிக்ல அன்சப்ஸ்கிரைப் ஆகணும், கேட்டா ரெண்டு நாளுக்குள்ள நிறுத்தணும். மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே 5ல இருந்து ஹாட்மெயில், அவுட்லுக் அட்ரஸுக்கு அதே 5000 கணக்கைக் கொண்டு வந்துட்டாங்க, சிங்கப்பூர், மலேசியா கஸ்டமர் வெச்சிருக்கறவங்க இதை லேசா விடாதீங்க. 'நம்ம சின்னக் கடைதானே'ன்னு நினைக்காதீங்க. கூகுள் விதிப்படி ஒரே ஒரு நாள் அந்த 5000ஐத் தொட்டாலும் நீங்க நிரந்தரமா மொத்தமா அனுப்பறவர் கணக்குதான், தீபாவளிக்கு ஒரு தடவை தட்டுனா போதும்.

அனுப்பற அட்ரஸே 'கடைபேர் அட் ஜிமெயில்'னு வெச்சிருக்கறவங்க ரொம்ப யோசிக்க வேண்டாம், அதை வெச்சு எந்த பிளாட்ஃபார்ம்ல இருந்தும் ஒழுங்கா அனுப்ப முடியாது. யாஹூ 2014லயே தன் பேர்ல வெளியாள் அனுப்பறதை ரிஜெக்ட் பண்ணச் சொல்லி டிமார்க் போட்டுட்டான். சொந்த டொமைன்ல ஒரு அட்ரஸ் போடுங்க.

"ரெக்கார்ட் எல்லாம் போட்டாச்சு, ஆனா வெரிஃபை ஆக மாட்டேங்குது"

டிஎன்எஸ், அதாவது டொமைனுக்கான ரெக்கார்டுங்களை வெக்கற எடம், அதுல நான் பாத்த தப்பு நாலுதான்.

மொத தப்பு, பேரு ரெண்டு தடவை ஒட்டிக்கறது. பிளாட்ஃபார்ம் 'இன்ன கீ, டாட், அண்டர்ஸ்கோர் டொமைன்கீ, டாட், கடைபேர் டாட் இன்'னு முழுசா குடுக்கும், நீங்க அப்படியே ஒட்டுவீங்க, டொமைன் வித்தவங்களோட பேனல் பின்னாடி தானாவே இன்னொரு 'கடைபேர் டாட் இன்'னை சேத்துக்கும். பாக்க சரியா இருக்கற மாதிரியே தெரியும். ஹோஸ்ட் பெட்டியில கடை டொமைனுக்கு முன்னாடி இருக்கற பகுதியை மட்டும் போடுங்க.

ரெண்டாவது, டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃப்ளேர்ங்கற சர்வீஸ்ல வெச்சிருந்தா, சிநேம் ரெக்கார்ட் (ஒரு பேரை இன்னொரு பேருக்குத் திருப்பி விடறது) பக்கத்துல மேகம் ஆரஞ்சு கலர்ல இருக்கா பாருங்க. அதைத் தட்டி சாம்பல் கலராக்குங்க, ஆரஞ்சா இருக்கற வரைக்கும் அது உண்மையான பதிலைக் காட்டாது.

மூணாவது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்ட் ஒண்ணுதான் இருக்கலாம், புது பிளாட்ஃபார்முக்குன்னு ரெண்டாவதா ஒண்ணு சேத்தா ரெண்டுமே செல்லாது, அப்ப கேம்பைன் மெயில் மட்டுமில்ல, ஜோஹோவோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ வெச்சு நீங்க கைல அனுப்பற பில்லு, கொட்டேஷன் எல்லாம் சேந்து அடி வாங்கும். பழைய வரிக்குள்ளயே புது பிளாட்ஃபார்ம் குடுக்கற இன்க்ளூடை சேக்கணும், அந்த வரியைச் சரிபார்க்க நடக்கற டிஎன்எஸ் தேடல் (லுக்கப்) மொத்தம் 10ஐ தாண்டக்கூடாது. நிஜத்துல இப்ப நிறைய பிளாட்ஃபார்ம் மெயின் டொமைன்ல எஸ்பிஎஃப் கேக்கறதே இல்ல, பவுன்ஸ் திரும்பி வர்ற அட்ரஸ் அவங்களோடதாவோ நீங்க குடுத்த சப்டொமைன்லயோ இருக்கறதால. அவங்க கேக்கலன்னா நீங்களா சேக்காதீங்க. டிமார்க்கும் அப்படித்தான், ஒண்ணுக்கு மேல இருந்தா இல்லாததுக்கு சமம்.

நாலாவது பொறுமை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெக்கார்டை அழிச்சு அழிச்சுப் போடறவங்களுக்கு பழைய தப்பான பதிலே கேஷ்ல சுத்திக்கிட்டு இருக்கும். போட்டுட்டு சாப்பிடப் போங்க.

ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயில் ஷாப்பிஃபையில இருந்து தனியா போகுது, அதுக்கு டொமைன் வெரிஃபிகேஷனும் தனி. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு 'பழசை சுத்தம் பண்றேன்'னு ஷாப்பிஃபையோட சிநேமை அழிச்சுடாதீங்க.

"மூணும் பாஸ், அப்படியும் ஸ்பேம், ஓப்பன் ரேட் பாதியா விழுந்துருச்சு"

இங்க கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இது டெக்னிக்கல் தப்பு இல்ல. புது பிளாட்ஃபார்ம் போறதுங்கறது வேற தெருவுக்கு குடி போற மாதிரி, உங்க பேரு அதேதான், ஆனா அக்கம்பக்கம் புதுசு. டொமைன் பேர் கூட வரும், ஐபி (அனுப்பற சர்வரோட நம்பர்) வேற, டிகிம் கையெழுத்து வேற, சப்டொமைன் வேற. வந்த மொத நாளே மைக் செட் கட்டி எட்டாயிரம் பேரைக் கூப்பிட்டா ஜிமெயில் சந்தேகப்படும்.

எல்லாருக்கும் இது தெரியும், 'வார்ம்அப் பண்ணணும், அதாவது கொஞ்சம் கொஞ்சமா ஆளைக் கூட்டணும், நல்லா திறக்கறவங்களுக்கு மொதல்ல அனுப்பணும்'னு எல்லாரும் சொல்வாங்க. கஷ்டம் எங்கன்னா, புது பிளாட்ஃபார்ம்ல போய் '90 நாள்ல மெயில் திறந்தவங்க'ன்னு செக்மென்ட் போட்டா பூஜ்யம்னு வரும். ஓப்பன், கிளிக் சரித்திரம் பெரும்பாலும் பழைய எடத்துலயே தங்கிடும், உங்களுக்கு வந்தது வெறும் அட்ரஸ். பூஜ்யத்தைப் பாத்து கடுப்பாகி 'சரி, எல்லாருக்கும் அனுப்பு'ன்னு அமுக்கறதுதான் இந்தக் கோளாறோட ஆரம்பம்.

அதனால பழைய அக்கவுன்ட் உயிரோட இருக்கும்போதே அங்க 30 நாள், 90 நாள், 180 நாள் கிளிக் பண்ணவங்கன்னு மூணு செக்மென்ட் போட்டு தனித்தனியா எக்ஸ்போர்ட் பண்ணி, புதுசுல ஏத்தும்போது அந்த நாள் கணக்கை ஒரு ஃபீல்டா சேத்துடுங்க. ஓப்பனை நம்பாதீங்க, ஆப்பிள் 2021 செப்டம்பர்ல ஐஓஎஸ் 15ல கொண்டு வந்த பிரைவசி வசதியால ஐபோன் மெயில் ஆப் வெச்சிருக்கறவங்க திறக்காத மெயிலும் திறந்த மாதிரி காட்டும். கிளிக், ஆர்டர், இது ரெண்டும்தான் உண்மை. ஆர்டர் சரித்திரம் ஷாப்பிஃபையில இருந்து முழுசா வரும், ஆனா மொத சிங்க் முடிய நேரம் ஆகும், முடியறதுக்கு முன்னாடி செக்மென்ட் போட்டா அதுவும் பொய் சொல்லும்.

எட்டாயிரம் பேர் லிஸ்ட்டுக்கு நான் பண்றது இது: மொத மெயில் கடைசி 30 நாள்ல வாங்குன, கிளிக் பண்ண ஐநூறு அறுநூறு பேருக்கு, ரெண்டு நாள் விட்டு 90 நாள் ஆளுங்களையும் சேத்து ஒண்ணு, அடுத்த வாரம் 180, அதுக்கப்புறம்தான் மத்தவங்க, அதுலயும் ஒரு வருஷமா எதுவும் பண்ணாதவங்களை ஏத்தறதே இல்ல. நடுவுல கூகுளோட போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல ஸ்பேம் ரேட்டைப் பாத்துக்கிட்டே போகணும். கூகுள் கேக்கறது 0.1 சதத்துக்குக் கீழ, 0.3ஐத் தொடவே கூடாது. 0.3 சதம்னா பெருசா தெரியாது, ஆயிரம் பேர் இன்பாக்ஸுக்குப் போனதுல மூணு பேர் ஸ்பேம் பட்டனை அமுக்குனா அவ்வளவுதான் கணக்கு. 0.1ஐத் தாண்டுச்சுன்னா முன்னாடி இருந்த சின்ன செக்மென்ட்டுக்கே திரும்பிப் போயிடுங்க.

எப்ப மாத்தறதுன்னு கேட்டா, ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூணும் வேண்டாம். மாசி மாசம் சும்மாதான் இருக்கும், அப்ப மாத்துங்க.

பவுன்ஸ் ரிப்போர்ட்ல நம்பரா வருது

550 5.7.26 வந்தா ஜிமெயில் உங்க அடையாளத்தை ஏத்துக்கல, மேல சொன்ன டிகிம் கதைதான், அதுவும் டொமைன்ல டிமார்க் 'ரிஜெக்ட்'னு கண்டிப்பா வெச்சிருந்து புது பிளாட்ஃபார்மை வெரிஃபை பண்ண மறந்துட்டா எல்லா மெயிலும் இப்படியே திரும்பும். 550 5.7.515 மைக்ரோசாஃப்ட்டோட அதே கதை. 421 4.7.28னா 'அவசரப்படாத'ன்னு அர்த்தம், வேகத்தைக் குறைங்க. வெறும் 'அப்படி ஒரு ஆளே இல்ல'ன்னு நூத்துக்கணக்குல வந்தா கிளீன்ட் ஃபைலையும் அனுப்பற லிஸ்ட்ல சேத்து ஏத்தியிருக்கீங்க, மேல மொத கோளாறுக்குப் போங்க.

"கார்ட்ல விட்டுட்டுப் போன மெயில் மூணு வருது" / "ஒண்ணு கூட வரல"

மூணு வந்தா எண்ணிப் பாருங்க, பழைய பிளாட்ஃபார்ம் ஒண்ணு, புதுசு ஒண்ணு, ஷாப்பிஃபை தன்னோட ஆட்டோமேஷன்ல அனுப்பறது ஒண்ணு. கடைசியா சொன்னதை யாரும் நினைவு வெச்சிருக்கறதில்ல. பழைய பிளாட்ஃபார்ம்ல ஆட்டோமேஷனை நிறுத்துங்க, கடையில இருந்து அதோட ஆப்பை எடுத்துட்டாலும் தீம் கோடுக்குள்ள பழைய பாப்அப் ஸ்கிரிப்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதையும் தேடி எடுங்க, இல்லன்னா புதுசா சேர்றவங்க பழைய லிஸ்ட்டுக்குப் போய் விழுந்துக்கிட்டு இருப்பாங்க, நாலு மாசம் கழிச்சு 'ஏன் லிஸ்ட் வளரவே இல்ல'ன்னு கேப்பீங்க.

ஒண்ணு கூட வரலன்னா, ஃப்ளோ லைவ்ல இருக்கான்னு பாருங்க. கிளேவியோவுல டிராஃப்ட், மேனுவல், லைவ்னு மூணு நிலை, மேனுவல்ல இருந்தா மெயில் தயாராகி உங்க அனுமதிக்காக வரிசைல நிக்கும், போகாது. ஷாப்பிஃபை தீம் எடிட்டர்ல புது பிளாட்ஃபார்மோட ஆப் எம்பெட் (கடைப் பக்கத்துல ஓடற அதோட கோட்) ஆன் ஆகியிருக்கணும். நீங்களே டெஸ்ட் பண்ணும்போது வரலன்னா பதறாதீங்க, ஸ்மார்ட் சென்டிங்னு ஒண்ணு இருக்கு, 16 மணி நேரத்துக்குள்ள ஏற்கெனவே ஒரு மெயில் வாங்குன ஆளை அது தாண்டிப் போயிடும், காலைல இருந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கற உங்க அட்ரஸ் மொதல்ல அதுல மாட்டும்.

இங்க நம்மூர்க் கடைங்களுக்கே ஆன ரெண்டு விஷயம். ஒண்ணு கேஷ் ஆன் டெலிவரி. ஃப்ளோவை நிறுத்தற கண்டிஷன் 'பணம் கட்டியாச்சு'ன்னு இருந்தா, சிஓடில ஆர்டர் போட்டவருக்கு பார்சல் வர்ற வரைக்கும் 'உங்க கார்ட்ல ஏதோ மறந்துட்டீங்க'ன்னு போய்க்கிட்டே இருக்கும், அவர் ஆர்டர் விழலையோன்னு இன்னொரு தடவை போடுவார். கண்டிஷனை 'ஆர்டர் போட்டாச்சு'ன்னு மாத்துங்க. இன்னொண்ணு, ஃபோன் நம்பர் போட்டு ஓடிபி வாங்கி ஒரே கிளிக்ல முடிக்கற தனி செக்அவுட் ஆப் வெச்சிருந்தா ஷாப்பிஃபையோட செக்அவுட் பக்கமே யாரும் வர்றதில்ல, 'செக்அவுட் ஆரம்பிச்சார்'ங்கற சேதி புது பிளாட்ஃபார்முக்கு எங்கிருந்து போகும்? அந்த ஆப்பை புது பிளாட்ஃபார்மோட தனியா கனெக்ட் பண்ணணும்.

"வணக்கம் நட்சத்திரம் கோடு எஃப்நேம்"னு மெயில் போயிருச்சு

பழைய டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி பண்ணீங்க. மெயில்சிம்ப்ல பேரு வர்ற எடத்துக்கு நட்சத்திரமும் நட்டுக்குத்தா ஒரு கோடும் போட்டு எழுதறது வழக்கம், கிளேவியோவுல ரெண்டு நெளிவு அடைப்புக்குறி. ஒவ்வொண்ணையும் மாத்துங்க, பேரே இல்லாதவங்களுக்கு என்ன வரணும்னும் குடுங்க, இல்லன்னா 'வணக்கம் ,'னு காலியா நிக்கும்.

பேரு தமிழ்ல இருந்து, அது தலைக்கு மேல கோடு போட்ட ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர்னு திரும்பத் திரும்ப வந்தா, சிஎஸ்வியை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்து சேவ் பண்ணியிருக்கீங்க. தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறையில மூணு பைட், எக்செல் அதை மூணு தனி எழுத்தா படிச்சுடுச்சு. ஒரிஜினல் ஃபைலை எடுத்து, டேட்டா மெனுவுல 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியா 65001 யுடிஎஃப்-8னு தேர்ந்தெடுத்துத் திறங்க, இல்லன்னா கூகுள் ஷீட்ஸ் போதும். அதே எக்செல் வேலைதான் ஃபோன் நம்பரும், 91ல ஆரம்பிக்கற பன்னெண்டு இலக்கம் 9.19னு சுருங்கி பக்கத்துல ஒரு ஈ, கூட்டல் 11னு நிக்கும், அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணா கடைசி இலக்கமெல்லாம் போனது போனதுதான், திரும்ப வராது. பொறந்தநாள் தேதியை 2023-05-04 மாதிரி வருஷம் மொதல்ல வெச்சு ஏத்துங்க, 04/05ன்னு குடுத்தா அமெரிக்காக்காரன் ஏப்ரல்னு எடுத்துக்குவான்.

மெயில் பாதியில வெட்டி நிக்குது

ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல எச்டிஎம்எல் இருந்தா வெட்டிடும், படம் இதுல சேராது. இங்கிலீஷ்ல எழுதறவனுக்கு ஒரு எழுத்து ஒரு பைட், நமக்கு மூணு, 'கொ'ன்னா ஆறு. சில டெம்ப்ளேட் எடிட்டர் தமிழை ஆம்பர்சன்ட், ஹேஷ், நாலு இலக்கம், அரைப்புள்ளின்னு நம்பராவே மாத்தி வெக்கும், அப்ப ஏழு பைட். அதனால பழைய எடத்துல முழுசா போன அதே மெயில் புது எடத்துல வெட்டு வாங்கலாம். வெட்டுப்படறது அடிப்பாகம், அங்கதான் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் ஓப்பன் எண்ணற குட்டிப் படமும் இருக்கு. லிங்க் தெரியாதவன் ஸ்பேம் பட்டனைத் தேடுவான். இருபது பொருளைக் காட்டாம ஆறைக் காட்டுங்க, பழைய டெம்ப்ளேட் எச்டிஎம்எல்லை ஒட்டாம புதுசா கட்டுங்க.

விற்பனைக் கணக்கு ஒத்துப் போகல

ஒத்துப் போகாது, விடுங்க. மெயிலால வந்த விற்பனைன்னு எதைச் சொல்றதுங்கறது ஒவ்வொரு பிளாட்ஃபார்முக்கும் வேற, எத்தனை நாளுக்குள்ள வாங்குனா கணக்கு, திறந்தா போதுமா கிளிக் பண்ணணுமா எல்லாமே மாறும். கூகுள் அனலிடிக்ஸ்ல மட்டும் யுடிஎம் (எங்கிருந்து வந்தாங்கன்னு சொல்ல லிங்க்ல ஒட்டற குறி) பேரை பழைய மாதிரியே வெச்சுக்கோங்க, போன வருஷத்தோட ஒப்பிட அது ஒண்ணுதான் இருக்கும்.

பழைய அக்கவுன்ட்டை மூடுனதும் பழைய மெயில்ல படமெல்லாம் காணோம்

அந்தப் படங்க பழைய பிளாட்ஃபார்ம் சர்வர்ல இருந்துச்சு, லிங்க்கும் அவங்க வழியா சுத்தித்தான் கடைக்கு வரும். மூடுனா ரெண்டும் போகலாம். துணி துவைக்கற முறை, சைஸ் சார்ட்னு மக்கள் எடுத்து வெச்சிருக்கற மெயில் இருந்தா அந்தப் படங்களை ஷாப்பிஃபைக்கு மாத்தி, கடைப் பக்கமாவே போட்டுடுங்க. மூடறதுக்கு முன்னாடி கேம்பைன் ரிப்போர்ட்டு, சப்ஸ்கிரைப் ஆன தேதி, எந்த ஃபார்ம் வழியா வந்தாங்கங்கறது எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுக்கணும், நாளைக்கு ஒருத்தர் 'நான் எப்ப சம்மதிச்சேன்'னு கேட்டா காட்டறதுக்கு அதுதான் இருக்கு. காசு மிச்சம்னு அன்னைக்கே மூடணும்னு நிப்பாங்க ஓனருங்க, இந்த அண்ணாவும் நின்னார், "சும்மா கெடக்கறதுக்கு எதுக்குங்க தம்பி மாசா மாசம் அழுவணும்?"னு. ஆறு மாசம் வெச்சுக்கலாம்னு பேசி வெச்சிருக்கேன். போன வாரம் உள்ள போய்ப் பாத்தேன், ரெண்டு பேர் அங்க அன்சப்ஸ்கிரைப் பண்ணியிருந்தாங்க.